பச்சை பிடிக்கிறது, நொறுங்குகிறது, வாடை அடிக்கிறது: உலோக, பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

செட்டிநாட்டு வீடுகளில் சீராக வந்த பித்தளை அண்டாவும் எவர்சில்வர் தூக்கும் எனாமல் தட்டும் சாமான் அறையில் அடுக்கியிருக்கும். அடுப்படியில் அன்றாடம் புழங்குவதில் பாதி பிளாஸ்டிக். இரண்டும் கெடுகின்றன, ஆனால் கெடுகிற வழி வேறு. உலோகத்தைக் கெடுப்பது ஈரம், உப்பு, புளிப்பு. பிளாஸ்டிக்கைக் கெடுப்பது சூடு, வெயில், எண்ணெய். ஒன்றைக் கெடுப்பது பெரும்பாலும் மற்றதை ஒன்றும் செய்யாது. ஒரு சாமான் திரும்பத் திரும்பக் கெடுகிறது என்றால் அதன் தரத்தைக் குறை சொல்வதற்கு முன், அதற்குக் கொடுத்த வேலை சரியா என்று பாருங்கள். கீழே உங்கள் வீட்டுக் குறியைத் தேடிப்பிடித்து, அந்த இடத்திலிருந்து படித்தால் போதும்.

பித்தளை, செம்புப் பாத்திரத்தின் உள்ளே பச்சை

உட்புறத்தில் பச்சையும் நீலமும் கலந்த பொடி, வைத்த பண்டத்தில் துவர்ப்போடு ஒரு கசப்பு. இதுதான் களிம்பு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளி, மோர், எலுமிச்சை, தக்காளி எது பட்டாலும் செம்பு கரைந்து உணவில் இறங்கும். களிம்பு ஏறிய சாப்பாடு குமட்டலையும் வாந்தியையும் வயிற்று வலியையும் கொண்டுவரும். அதைச் சூடு பண்ணிச் சரிசெய்ய முடியாது. கொட்டிவிடுங்கள்.

பாத்திரத்தைத் துலக்க, நெல்லிக்காய் அளவு புளியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்துத் தேங்காய் நாரால் தேயுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள். கூடுதலாக ஊறினால் துத்தநாகம் முதலில் கரைந்துபோய், மஞ்சள் பித்தளையில் செம்புச் சிவப்பாகத் திட்டுகள் தெரியும். அவை மேலோட்டமானவையாக இருந்தால் பொடி போட்டுத் தேய்க்கப் போகும். ஆழமாக இறங்கியிருந்தால் போகாது. நன்றாக அலசியதும் உடனே துணியால் துடையுங்கள். பலர் தவறுவது இங்கேதான். தேய்த்ததோடு அப்படியே கவிழ்த்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் உப்பும் ஈரமும் சேர்ந்து மறுநாளே மறுபடி கறுப்பை ஆரம்பித்துவிடும்.

செம்புக் குடத்தில் இரவு தண்ணீர் ஊற்றிக் காலையில் குடிப்பதில் தவறில்லை. குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எலுமிச்சை பிழிந்த தண்ணீரையோ மோரையோ அதில் வைத்தால் செம்பு கரைவது வேகமாகக் கூடும். ஆர்.ஓ. தண்ணீர் பெரும்பாலும் கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருப்பதால் அதையும் நாள்கணக்கில் செம்பில் தேக்கி வைக்க வேண்டாம்.

சமையலுக்கே எடுக்காத அண்டாவும் குத்துவிளக்கும் சாமான் அறையிலேயே பச்சை பிடித்தால், காரணம் அநேகமாக அதன் மேல் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறைதான். கழுவிய ஈரம் முழுதாக உலராமல் உறைக்குள் போட்டுக் கட்டினால், அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உலோகத்தின் மேலேயே தங்குகிறது. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எடுத்துப் புழங்கிய பிறகு, முற்றத்து வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, ஆறியபின் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். வெள்ளிக்கு மட்டும் இதற்கு நேர்மாறு. காற்றில் உள்ள கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்க வைப்பதால், நன்றாக உலர்ந்த வெள்ளியைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் வைப்பது நல்லது. ரப்பர் பேண்டு மட்டும் போடாதீர்கள். ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது, போட்ட இடம் வளையமாகக் கறுக்கும்.

ஈயப் பூச்சு மங்கி மஞ்சள் தெரிகிறது

பித்தளையில் புளிக்குழம்போ ரசமோ வைக்க வேண்டுமென்றால் உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம் (டின்), பூசியிருக்க வேண்டும். பூச்சு நல்லபடி இருந்தால் உட்புறம் வெள்ளி போல ஒரே சீராகப் பளபளக்கும். முதலில் தேய்வது அடியின் நடுப்பகுதி, கரண்டி உரசும் இடம். அங்கே காசு அளவுக்கு மஞ்சள் தெரிந்தாலே புளிப்பான சமையலை நிறுத்திவிட்டு மறுபடி பூசக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. பொங்கல், பால் போன்ற புளிப்பில்லாதவற்றைச் சமைத்து உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம்.

பூச்சு உருண்டு திரண்டு, துளித்துளியாக நிற்கிறதென்றால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் காயவிட்டிருக்கிறீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கேஸ் அடுப்பின் பெரிய தீயில் காலிப் பாத்திரம் அந்தச் சூட்டை வெகு சீக்கிரம் தாண்டும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் பூச்சுக்கு ஆபத்தில்லை. அதனால் தண்ணீரோ பாலோ ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். ஈயம் பூசிய பாத்திரத்தில் எண்ணெய் காய்ச்சித் தாளிப்பதும் கூடாது. தாளிப்பை இரும்புக் கரண்டியில் செய்து கொட்டுங்கள். முழுக்க ஈயத்தால் ஆன ரசச் சொம்புக்கு இந்த விதி இன்னும் கடுமையானது. அது அடியோடு உருகிப் போகும்.

பூசக் கொடுக்கும்போது அருகில் நின்று பாருங்கள். பாத்திரத்தைச் சுத்தமாகத் தேய்த்து, சூடேற்றி, நவச்சாரப் பொடி தூவுவார்கள். வெள்ளைப் புகை எழும். அந்தச் சூட்டில் ஈயக் கட்டியைத் தொட்டு இழுத்து, பஞ்சாலோ துணியாலோ ஓட்டமாகத் துடைத்துப் பரப்புவார்கள். நவச்சாரம் செம்பின் மேலுள்ள அழுக்குப் படலத்தை எடுத்துவிடுவதால்தான் ஈயம் ஒட்டுகிறது. சரியாகத் தேய்க்காத இடத்தில் பூச்சு சில வாரங்களில் உரியும்.

முக்கியமானது அந்தக் கட்டி எது என்பது. வேண்டியது வெள்ளீயம். காரீயம் (லெட்) நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். சோதிக்க இரண்டு வழி உண்டு. மெல்லிய ஈயக் குச்சியை வளைத்தால் சுத்தமான வெள்ளீயம் ‘கிறீச்’ என்று மெல்லச் சத்தமிடும், காரீயம் சத்தமில்லாமல் வளையும். வெள்ளைத் தாளில் கீறினால் காரீயம் பென்சில் போலச் சாம்பல் கோடு விடும். சந்தேகம் இருந்தால் பூச வேண்டாம், எவர்சில்வரில் சமையுங்கள்.

இதே காரணத்தால் பழைய அண்டாக்களின் அடியில் ஓட்டை அடைத்த பற்றுகளையும் கவனியுங்கள். மங்கலான சாம்பல் நிறத்தில், நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிற பற்று காரீயம் கலந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த அண்டா குளிக்கத் தண்ணீர் பிடிக்க ஆகும், சமையலுக்கும் குடிநீருக்கும் ஆகாது.

எனாமல் தட்டு, கிண்ணம் சில்லுப் பெயர்ந்திருந்தால் உணவுக்கு எடுக்க வேண்டாம். பெயர்ந்த இடத்தில் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிப்பதோடு, பழைய எனாமலின் சிவப்பு, மஞ்சள் வண்ணங்களில் காட்மியமும் காரீயமும் இருக்கக்கூடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கும் எனாமல் சாமான்களுக்கும் இது பொருந்தும். அலமாரியில் வைத்துப் பார்க்க அழகானவை, அங்கேயே இருக்கட்டும்.

எவர்சில்வரின் அடியில் புள்ளி புள்ளியாக

மூன்று வகைக் கறை ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் தீர்வு வேறு வேறு.

வெள்ளையாக, பாலாடை போலப் படிந்திருந்தால் அது ஆழ்குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு உப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் ஊற்றிக் கொதிக்க வைத்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவினால் போய்விடும். ஊருணித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் புழங்கும் வீடுகளில் இது குறைவு. வானவில் போல நீலமும் பொன்னிறமுமாகத் தெரிவது சூட்டுக் கறை. அதுவும் வினிகருக்குப் போகும், போகாவிட்டாலும் கெடுதல் இல்லை.

பழுப்புப் புள்ளி என்றால் விரல் நகத்தை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். நகம் தடையின்றி ஓடினால், இரும்பு நார் போட்டுத் தேய்த்ததில் ஒட்டிக்கொண்ட துகள் துருப்பிடித்திருக்கிறது. புளி தேய்த்தால் போகும். இனி இரும்பு நாரைத் தொடாதீர்கள். நகம் இடறினால் அது குழி. குண்டூசி முனை அளவு வாய், உள்ளே கறுப்பு, சுற்றிலும் லேசான பழுப்பு வளையம். இதை எந்தப் பொடியாலும் எடுக்க முடியாது.

குழி விழக் காரணம் உப்பு. எவர்சில்வரில் இரும்போடு குரோமியம் கலந்திருக்கிறது. அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக மேலே நின்று துருவைத் தடுக்கிறது. கல் உப்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டதும் கரையாமல் அடியில் படுத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் உப்பு மிக அடர்த்தியாகி, படலத்தைத் துளைத்துவிடுகிறது. அதனால் தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போட்டுக் கிளறுங்கள். உப்பையோ உப்பில் ஊறிய மாவடு, நார்த்தங்காயையோ எவர்சில்வர் டப்பாவில் வைக்காதீர்கள். பீங்கான் ஜாடி முதல் தேர்வு. உப்புக்கு மட்டும் பிளாஸ்டிக் டப்பாவும் மிக நன்றாகப் பொருந்தும், உப்பால் அதை ஒன்றும் செய்ய முடியாது. தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைக் கரைக்கவும் பிளாஸ்டிக் வாளியையே எடுங்கள். எவர்சில்வரில் கரைத்தால் ஒரே இரவில்கூடக் குழி விழும்.

புதிதாக வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகம் காந்தத்தில் ஒட்டாது என்பது சரிதான், ஆனால் நிக்கல் குறைந்து மாங்கனீசு கூடிய 200 வரிசை மலிவு ரகங்களும் ஒட்டுவதில்லை. நல்ல 304 தகட்டையே அழுத்தி வளைத்த மூலைகளில் காந்தம் லேசாகப் பிடிக்கவும் செய்யும். அடியில் பொறித்த ரக எண்ணைப் பார்த்து வாங்குவதே மேல்.

குக்கரும் இட்லிப் பானையும் உள்ளே கறுக்கின்றன

அலுமினியம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் கொதிக்கும்போது மேலே படிகிற ஆக்சைடு படலம் அது. இரண்டு எலுமிச்சைத் தோலையோ கொஞ்சம் புளியையோ போட்டுத் தண்ணீரைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் வெளுத்துவிடும். இட்லி ஊற்றும்போதே அடித் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு புளி போட்டுவிட்டால் கறுக்கவே கறுக்காது. சலவைச் சோடா, சாம்பல் இரண்டும் அலுமினியத்தைத் தின்னும். அவற்றால் துலக்காதீர்கள். புளிக்குழம்பை அலுமினியத்திலேயே இரவு முழுக்க வைக்கவும் வேண்டாம்.

தோசை ஒட்டுகிறது, பணியாரம் கிளம்ப மாட்டேன் என்கிறது

வார்ப்பிரும்புக் கல்லுக்கும் பணியாரச் சட்டிக்கும் மேலே இருக்கும் கறுப்புதான் உயிர். எண்ணெய் சூட்டில் இறுகி, கெட்டியான மெல்லிய படலமாக மாறி இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. அது தேய்ந்தாலோ புளி, சோப்பு, இரும்பு நார் பட்டு உரிந்தாலோ மாவு நேரே இரும்பில் ஒட்டும்.

துருப்பிடித்திருந்தால் கல் உப்பும் தேங்காய் நாரும் வைத்துச் செந்தூள் போகும்வரை தேய்த்துக் கழுவுங்கள். அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போகக் காயவையுங்கள். பிறகு அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு எல்லா இடமும் தடவி, காய்ந்த துணியால் அநேகமாக எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிசாக இருந்தால் சரி. நடுத்தீயில் புகை வந்து நிற்கும்வரை விட்டு, ஆறியபின் மறுபடி தடவுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் புதுப் படலம் பிடித்துவிடும். பணியாரச் சட்டியில் குழிகளின் அடியில் எண்ணெய் தேங்கும். ஒவ்வொரு குழியையும் தனியாகத் துடைக்க வேண்டும்.

தொட்டால் பிசுபிசுவென்று இருந்தால் எண்ணெய் கூடிவிட்டது, அல்லது சூடு போதவில்லை. எண்ணெய் போடாமல் இன்னும் அரை மணி நேரம் காயவிடுங்கள். தேங்காயெண்ணெய் இந்த வேலைக்கு ஆகாது, இறுகும் தன்மை அதில் மிகக் குறைவு. சூடான கல்லில் குளிர்ந்த தண்ணீரை வீசி ஊற்றவும் கூடாது. வார்ப்பிரும்பு முறிவது பெரும்பாலும் அப்படித்தான்.

நான்ஸ்டிக் கல் என்பது உலோகத்தின் மேல் பூசிய பிளாஸ்டிக். அதற்கு இந்த விதி ஒன்றும் செல்லாது. டெஃப்லான் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் கல்லைப் பெரிய தீயில் காயவைக்க வேண்டாம், உலோகக் கரண்டி வேண்டாம், பூச்சு உரிந்து உலோகம் தெரிந்தால் வைத்துக்கொள்ள வேண்டாம்.

டப்பா மஞ்சளாகிவிட்டது, கழுவியும் வாடை போகவில்லை

கல்பாசி, மராட்டி மொக்கு, பட்டை, சோம்பு என்று வாசனைச் சாமான் தாராளமாகப் போடும் சமையலில் பிளாஸ்டிக் டப்பாவின் பெரிய குறை இதுதான். எவர்சில்வரின் மேல் எண்ணெய் படிந்து நிற்கும், உள்ளே போக வழியில்லை. பிளாஸ்டிக்கோ எண்ணெயையும் அதில் கரைந்த மணத்தையும் நிறத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். மஞ்சளின் நிறமும் மிளகாயின் சிவப்பும் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். சூடான குழம்பாக ஊற்றினால் இன்னும் ஆழமாக இறங்கும்.

கறையை எடுக்க முதலில் சோப்பு போடாதீர்கள். ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, தாளால் துடைத்தெடுங்கள். நிறத்தின் ஒரு பங்கு எண்ணெயோடு வந்துவிடும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரச் சோப்பு போட்டுக் கழுவி, ஈரத்தோடு வெயிலில் வையுங்கள். மஞ்சள் நிறம் வெயிலில் சிதையும். ஒரு பகல் வெயிலில் அநேகமாக வெளுத்துவிடும், மிளகாய்ச் சிவப்புக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குமேல் வெயிலில் விட வேண்டாம், டப்பாவே கெடத் தொடங்கும்.

வாடைக்கு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றி, மூடியையும் முக்கி இரவு முழுக்க விடுங்கள். மூடியில் ரப்பர் வளையம் இருந்தால் அதைக் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும். வாடையின் பெரும்பங்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். இத்தனைக்கும் போகாவிட்டால் அந்த டப்பாவை மசாலாவுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள், மறுபடி சர்க்கரைக்கோ அரிசிமாவுக்கோ மாற்ற வேண்டாம். உள்ளே கீறல் விழுந்து சொரசொரப்பாகிவிட்டிருந்தால் அழுக்கு தங்கும், உணவிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

டப்பா நெளிந்தது, கரண்டி உருகியது

அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1 என்பது தண்ணீர்ப் பாட்டில் ரகம், 70 டிகிரிக்கு மேல் இளகிச் சுருங்கும். வெந்நீர் ஊற்றினால் கழுத்து கோணுவது அதனால்தான். 2 என்பது குடம், வாளி, எண்ணெய்க் கேன் ரகம். 5 என்பது பாலிபுரோப்பிலீன், வீட்டுப் பிளாஸ்டிக்கில் சூட்டை ஓரளவு தாங்குவது இதுதான், உருகுநிலை 160 டிகிரி அளவில். 6 உள்ள மெல்லிய டம்ளர், தட்டுகளில் சூடான எதையும் ஊற்ற வேண்டாம்.

5 என்று போட்டிருந்தாலும் முறுக்கு எண்ணெயில் பிளாஸ்டிக் கரண்டியைப் போட முடியாது. தேன்குழலும் மனகோலமும் வேகும் எண்ணெய் 170 முதல் 190 டிகிரி வரை இருக்கும். அதாவது பிளாஸ்டிக் கரண்டியின் உருகுநிலையைத் தாண்டிய சூடு. ஓரம் மெழுகாகிப் பலகாரத்தில் கலந்திருந்தால் அந்த எண்ணெயையும் ஈட்டையும் கொட்டிவிடுங்கள். எண்ணெய்ச் சட்டிக்கு இரும்பு அல்லது எவர்சில்வர் ஜல்லிக் கரண்டி ஒன்றே வழி. முறுக்குக் குழலும் பித்தளையோ எவர்சில்வரோ இருப்பது நல்லது. கெட்டி மாவை அழுத்தும்போது பிளாஸ்டிக் குழல் பக்கவாட்டில் உப்பிக்கொடுக்கும், அழுத்தம் அச்சுக்குப் போகாமல் மாவு மேலே பிதுங்கும்.

சூடான பாத்திரத்தில் பிளாஸ்டிக் உறை ஒட்டிவிட்டால், ஈரத்துணியால் உடனே தேய்க்காதீர்கள், இன்னும் பரவும். முழுக்க ஆறவிட்டுப் பாத்திரத்தைக் குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். இறுகிவிடும், மரக்கரண்டியால் பெயர்த்துவிடலாம். எவர்சில்வராக இருந்தால் மட்டும் இது சரிப்படும். நான்ஸ்டிக்கில் பூச்சும் கூடவே வந்துவிடும்.

கடைச் சாம்பாரைச் சூடாகப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வாங்குவது தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. தடைக்காக இல்லையென்றாலும் சூடும் எண்ணெயும் சேர்ந்த இடத்தில் பிளாஸ்டிக்கை வைக்கவே கூடாது. தூக்குவாளியை எடுத்துப் போங்கள்.

குடம் விரிகிறது, வாளி கையில் பிட்டுக்கொண்டு வருகிறது

முற்றத்திலும் கிணற்றடியிலும் வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக்கின் கதி இது. வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைத் துண்டிக்கிறது. முன்கூட்டியே குறி காட்டும். முதலில் நிறம் வெளிறும். பிறகு விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு போலப் பொடி ஒட்டும். அடுத்து, குடத்தின் கழுத்தைச் சுற்றி மயிரிழை போல வெள்ளைக் கோடுகள். அந்தக் கோடு தெரிந்த குடத்தைத் தண்ணீரோடு இடுப்பில் தூக்காதீர்கள், கழுத்து மட்டும் கையோடு வரும்.

கறுப்புப் பிளாஸ்டிக் வெயிலை அதிகம் தாங்கும், அதில் கலந்த கரித்தூள் கதிரை உள்ளே விடுவதில்லை. மொட்டை மாடித் தொட்டி கறுப்பாக இருப்பதற்கு அது ஒரு காரணம், வெளிச்சம் புகாமல் பாசியைத் தடுப்பது இன்னொன்று. வெளிறிய தொட்டிக்குள் பச்சை பிடித்தால், கழுவுவதோடு தொட்டிக்கு மேல் கீற்றுக் கொட்டகையும் போடுங்கள்.

விரிந்த குடத்தைப் பசை போட்டு ஒட்ட முடியாது. 2, 5 ரகப் பிளாஸ்டிக்கின் மேல் எந்த வீட்டுப் பசையும் பிடிக்காது, எம்-சீலும் சில நாளில் வில்லையாகக் கழன்றுவிடும். சூட்டில் இணைப்பது ஒன்றே வழி. விரிசலின் இரண்டு நுனியிலும் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள், அதற்குமேல் விரிசல் ஓடாது. சால்டரிங் இரும்பின் நுனியால் விரிசலின் மேல் சாய்வாகப் பள்ளம் இழுத்து, அதே ரகப் பிளாஸ்டிக்கிலிருந்து வெட்டிய கீற்றை அதில் உருக்கி நிரப்புங்கள். துளைகளையும் அடைத்துவிடுங்கள். காற்றோட்டமான வெளியில் செய்ய வேண்டும். பி.வி.சி.யை ஒருபோதும் இப்படி உருக்காதீர்கள், அதன் புகை மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். பி.வி.சி.க்கு அதற்கென்றே உள்ள சால்வென்ட் சிமெண்ட் உண்டு. பொடி உதிரும் அளவுக்கு வெயில் தின்ற குடம் ஒட்டுக்கும் நிற்காது.

குழாய் இணைப்பில் கசிவு

உலோகமும் பிளாஸ்டிக்கும் சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் கசியும். உலோகக் குழாயின் வெளி மரையை பிளாஸ்டிக் இணைப்பின் உள் மரையில் திருகினால், ஆப்பு அடித்த மாதிரி பிளாஸ்டிக் விரிந்து நீளவாக்கில் வெடிக்கும். பிளாஸ்டிக் வெளி மரை உலோகத்துக்குள் போனால் பிரச்சினை இல்லை. உள் மரை பிளாஸ்டிக்கில்தான் வேண்டும் என்றால் பித்தளை மரை பதித்த இணைப்பை வாங்குங்கள். டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே எட்டுப் பத்துச் சுற்று இறுக்கமாகச் சுற்றி, கையால் முடிந்தவரை திருகி, ஸ்பேனரால் ஒரு சுற்று மட்டும். அதற்குமேல் இறுக்கினால் இன்று நிற்கும், அடுத்த மாதம் வெடிக்கும்.

ஜி.ஐ. குழாயில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், பித்தளைக் குழாய்முனை பூட்டிய இடத்தில் மட்டும் துரு கூடுதலாக இருந்தால், அது மின்வேதி அரிப்பு. இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டால் சிறிய மின்கலம் போலாகி, எளிதில் கரையும் உலோகம் கரையும். இங்கே கரைவது ஜி.ஐ.யின் துத்தநாகமும் இரும்பும், பித்தளை பிழைத்துக்கொள்ளும். இத்தகைய அரிப்பை ஆராயும் நிறுவனமே நம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. வீட்டில் தீர்வு எளிது: இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பைக் கொடுத்தால் மின்தொடர்பு அறுந்துவிடும்.

வெந்நீர்க் குழாய்க்குச் சாதாரண பி.வி.சி. ஆகாது, தொய்ந்து இறங்கும். சி.பி.வி.சி. போடுங்கள், அது 90 டிகிரி வரை தாங்கும்.

மூடி திறக்க மறுக்கிறது

சூடாக மூடிய டப்பா ஆறும்போது உள்காற்று சுருங்கி மூடியை உறிஞ்சிப் பிடிக்கும். மூடியின் மேல் மட்டும் வெந்நீர் ஊற்றி அரை நிமிடம் விடுங்கள். பிளாஸ்டிக் மூடி சூட்டில் எவர்சில்வரைவிடப் பல மடங்கு விரிவதால் சீக்கிரம் இளகும். ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய எவர்சில்வர் டம்ளர்களுக்கு, உள் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் வைத்துத் திருகுங்கள். பிளாஸ்டிக் டம்ளருக்கு இது அவ்வளவாகப் பலிக்காது. சூடு உள்ளே போவதற்கே நேரமாகும், அதற்குள் இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும்.

வெந்நீர் ராடு போட்ட வாளியில் ஓட்டை, அல்லது ஷாக்

பிளாஸ்டிக் வாளியில் ராடு பக்கத்தைத் தொட்டாலோ தண்ணீர் குறைந்தாலோ வாளி உருகும். குறுக்கே ஒரு மரக்கட்டை வைத்து, ராடு நடுவில் தொங்கும்படி மாட்டுங்கள். தண்ணீர் ராடில் குறித்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். உலோக வாளி உருகாது, ஆனால் ராடில் கசிவு இருந்தால் வாளி முழுக்க மின்சாரம் ஏறும், தொட்டவர் உயிருக்கே ஆபத்து. ராடுக்குப் பித்தளை, எவர்சில்வர் வாளி வேண்டவே வேண்டாம். எந்த வாளியானாலும் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வையுங்கள். லேசாகச் சுருக்கென்றால்கூட அந்த ராடை மறுபடி போடாதீர்கள். வீட்டில் மூன்றாம் கம்பி, அதாவது எர்த், சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரிசி டிரம்மின் மேல்பகுதியில் பூஞ்சை

தகர டிரம்மோ எவர்சில்வர் டிரம்மோ வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் பகலில் சூடேறி இரவில் சட்டென்று குளிரும். அரிசியிலிருந்து எழுந்த ஆவி மூடியின் உட்புறம் வேர்த்து, மேலடுக்கில் சொட்டும். டிரம்மைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரப்பலகை மேல் வையுங்கள். அரிசியை வெயிலில் போட்டிருந்தால் முழுக்க ஆறிய பிறகே கொட்டுங்கள். பூஞ்சை பிடித்த அடுக்கை அள்ளி எறியுங்கள். புடைத்துச் சோறாக்க வேண்டாம், பூஞ்சையின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

பிளாஸ்டிக் டிரம்மில் வேர்ப்பது குறைவு. ஆனால் எலி அதன் விளிம்பைக் கடித்துவிடும், அரிசித் துளைப்பான் வண்டு மெல்லிய பாலித்தீன் பையைத் துளைத்துக்கொண்டே உள்ளே போகும். எலி நடமாட்டம் உள்ள இரண்டாங்கட்டு அறைகளில் தகர டிரம்மே சரி. மூடியும் தகரமாகவே இருக்கட்டும், பிளாஸ்டிக் மூடி போட்ட தகர டிரம்மில் எலி மூடி வழியாகத்தான் நுழையும்.